எண்ணெய் தின்னும் பூச்சியும் எங்கள் ஊர்க் கிணறும்

வெள்ளிக்கிழமை காலை. இங்கே குவைத்தில் வார விடுமுறை. சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து சித்தப்பாவின் போன்.

"மக்ளே, நம்ம விளைக் கெணத்து வெள்ளத்துல டீசல் மணம் அடிக்குது பாத்துக்கோ. மேல எண்ணெப் பாடையும் கெடக்குது. ஒரு பயல் வந்து என்னமோ பூச்சிப் பொடி இருக்குன்னு சொல்லுதான். மண்ணுல தூவுனா எண்ணெயைத் தின்னுருமாம். வாங்கட்டா?"

எங்கள் ஊர் குன்னத்துகால். பாறசாலையிலிருந்து உள்ளே போகவேண்டும். 1956 நவம்பர் 1ல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை வட்டத்தில் இருந்த நாங்கள் கேரளத்தில் நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம். அங்கே எனக்கு 18 சென்ட் விளை இருக்கிறது. ரிட்டயர் ஆனதும் ஒரு வீடு போட்டு உட்கார வேண்டும் என்று வளைகுடாக்காரன் ஒவ்வொருவனும் போடும் அதே கணக்குதான் எனக்கும். அந்தக் கணக்கின் நடுவில் இருப்பது அந்தக் கிணறு.

பக்கத்து விளையில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப். எங்கள் பக்கம் கல்குவாரிகள் உண்டு, டிப்பர் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவன். அவனும் சில வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பி, கையில் இருந்ததைப் போட்டுத் தொடங்கிய கடை. பத்து வருஷமாகக் கழிவு ஆயில் மண்ணில்தான் விழுகிறது. போன லீவில் போனபோது மண் கறுத்துக் கிடந்ததை நானே பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தேன்.

நான் பி.காம். படித்து வங்கியில் கடன் கோப்பு பார்ப்பவன். நுண்ணுயிரியலில் என் அனுபவம் இட்லி மாவு புளிப்பதோடு சரி :-) ஆனால் கடன் கேட்டு வருபவர் என்ன கதை சொன்னாலும், பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது தொழில் பழக்கம். அதே மாதிரி இந்தப் பூச்சிப் பொடியின் பழைய கணக்கையும் கொஞ்சம் புரட்டினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சந்தேகம். எண்ணெயைத் தின்னும் உயிர் உண்மையிலேயே இருக்கிறதா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. 1946லேயே கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தைச் சேர்ந்த கிளாட் சோபெல் என்பவர் அதுவரை தெரிந்ததையெல்லாம் தொகுத்து எழுதியிருக்கிறார். பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை என்று ஏறக்குறைய 100 இனங்கள் எண்ணெயை உணவாக்கிக்கொள்ளும் என்று அவர் கணக்கு. பூமிக்குள்ளிருந்து எண்ணெய் தானாகவே கசிவது ஆதிகாலத்திலிருந்து நடப்பதுதானே, அதைத் தின்னப் பழகிய உயிர்கள் இருப்பதில் ஆச்சரியமில்லை. எண்ணெய் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சங்கிலி. இந்த உயிர்கள் ஆக்சிஜனைக் கொண்டு அந்தச் சங்கிலியை உடைத்து, சக்தியை எடுத்துக்கொண்டு, கடைசியில் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் விட்டுவிடுகின்றன.

ஆனால் உலகத்துக்கு இந்த விஷயம் தெரிந்தது ஒரு வங்காளியால். ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, 1938ல் மேற்கு வங்கத்தின் சைந்தியாவில் பிறந்தவர், கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, எண்ணெயின் வெவ்வேறு பகுதிகளைத் தின்னும் திறமை வெவ்வேறு பாக்டீரியாக்களில் இருப்பதைப் பார்த்து, அவற்றையெல்லாம் ஒரே பாக்டீரியாவுக்குள் சேர்த்தார். 1972ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போனது. உயிருள்ள பொருளுக்குக் காப்புரிமை கிடையாது என்றது அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1980 ஜூன் 16ல் 5க்கு 4 என்ற கணக்கில் சக்ரவர்த்தி பக்கம் தீர்ப்பானது. இன்றைய உயிரித் தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்ட தீர்ப்பு என்று சொல்வார்கள். சக்ரவர்த்தி 2020ல் காலமானார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு புகழ் பெற்ற அந்தப் பாக்டீரியாவை எந்த எண்ணெய்க் கசிவிலும் கொண்டுபோய் விடவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் செய்த உயிரைத் திறந்த வெளியில் விடலாமா என்ற பயம் ஒரு பக்கம். அது இல்லாமலே வேலை நடக்கிறது என்பது மறு பக்கம்.

எப்படி நடந்தது? அதே 1972ல், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஆம்ப்ளர் என்ற ஊரில், பூமிக்கடியில் போன குழாயிலிருந்து பெட்ரோல் கசிந்து நிலத்தடி நீரில் கலந்துவிட்டது. (எங்கள் கிணற்றுக் கதையேதான்!) சன் ஆயில் கம்பெனியில் வேலை பார்த்த ரிச்சர்ட் ரேமண்ட் என்பவர் அங்கே புதிய பாக்டீரியா எதையும் கொண்டுவரவில்லை. எடுக்க முடிந்த பெட்ரோலை முதலில் இறைத்து எடுத்தார்கள். மிச்சத்துக்கு நிலத்தடியில் காற்றையும், நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துக்களையும் செலுத்தினார்கள். ஏற்கெனவே மண்ணில் இருந்த பாக்டீரியா பெருகி மிச்ச வேலையைப் பார்த்தது. தென்னைக்கு உரம் வைப்பது போலத்தான். எண்ணெயில் கார்பன் எக்கச்சக்கம், மற்ற சத்து இல்லை. வெறும் சோறு மலையாகக் குவிந்து கிடக்கிறது, குழம்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 100 பங்கு கார்பனுக்கு 10 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

1989 மார்ச் 24ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி, சுமார் 1.1 கோடி காலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. அங்கேயும் கரையில் தெளித்தது உரம்தான். மேற்பரப்பில் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் பல வருஷம் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது, காற்றுப் புகாத ஆழத்தில் எண்ணெய் அப்படியே இருந்தது. மூச்சு விட வழியில்லாத இடத்தில் பூச்சி வேலை செய்யாது. சித்தப்பாவுக்கு நான் சொன்ன முதல் விஷயமே இதுதான்: மேலே தூவுகிற பொடி, இரண்டாள் ஆழத்தில் இறங்கிய எண்ணெயைத் தேடிக்கொண்டு போகாது.

அப்போது அவர் திருப்பிக் கேட்டார்: "அப்ப அங்க புர்கான்ல கெடந்த கறுத்த கொளமெல்லாம் எப்படி மாத்தினானுவ?"

சித்தப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர் இங்கே டிரைவராக இருந்தவர். 1990 ஆகஸ்டில் ஈராக் உள்ளே வந்தபோது, அம்மான் வழியாக விமானத்தில் ஊருக்குத் தப்பி வந்த 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்களில் ஒருவர். 1992ல் திரும்பி வந்தார். அதற்குள் தீ அணைந்திருந்தது. 1991 பிப்ரவரியில் பின்வாங்கிப் போன ஈராக் படை 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசிக் கிணற்றை அணைத்து மூடியது நவம்பர் 6ல். எரியாமல் பொங்கி வழிந்த எண்ணெய் பாலைவனத்தில் ஏரி ஏரியாகத் தேங்கியது. சுமார் 49 சதுர கிலோமீட்டர் என்று கணக்கு. அதைத்தான் அவர் கறுத்த குளம் என்கிறார்.

அந்த மண்ணில் ஒரு அருமையான விஷயத்தைக் கவனித்தார்கள். குவைத் பல்கலைக்கழகத்தின் சமீர் ராத்வானும் கூட இருந்தவர்களும் 1995ல் 'நேச்சர்' இதழில் எழுதியது இது. எண்ணெய் ஊறிய மணலில் சில காட்டுச் செடிகள் முளைத்திருந்தன. பிடுங்கிப் பார்த்தால் சுற்றியுள்ள மணல் கறுப்பு, வேர் மட்டும் வெள்ளை வெளேர். வேரைச் சுற்றி எண்ணெய் தின்னும் நுண்ணுயிர்கள் கூட்டமாகக் குடியிருந்தன. யாரும் பொடி தூவவில்லை. வேரடியில் இருந்த நுண்ணுயிர்களே வேரைச் சுத்தமாக வைத்திருந்தன.

பாலைவனத்தில் இல்லாதது ஈரம். அதனால் 90களில் இங்கே செய்த பரிசோதனைகளில் எண்ணெய் மண்ணைத் தோண்டி வரப்பு வரப்பாகக் குவித்து, உரம் சேர்த்து, தண்ணீர் விட்டு, காற்றுப் பட அடிக்கடி புரட்டிக் கொடுத்தார்கள். ஆனாலும் வேலை சீக்கிரம் முடியவில்லை. பெரிய அளவில் மண்ணை மீட்கும் ஒப்பந்தங்கள் 2021ல்தான் கையெழுத்தாயின. முப்பது வருஷம்!

வங்கிக்காரன் கண்ணில் பட்ட இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தச் செலவுக்கெல்லாம் பில் போட்டு வசூலித்தார்கள். 1991ல் ஐ.நா. ஒரு நஷ்டஈட்டு ஆணையம் வைத்து, ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டே வந்தது. மண்ணுக்கும் கடலுக்கும் நேர்ந்த கேடும் அந்தக் கணக்கில் உண்டு. மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணை 2022 ஜனவரியில் கட்டி முடிந்தது. கெடுத்தவன் யார், கட்டுபவன் யார் என்று எழுதி வைக்காத இடத்தில் பூச்சிக்குத் தீனி வாங்கவும் காசு வராது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். பொடி விற்க வந்தவர் சொன்னதில் ஒரு உண்மையும் இருக்கிறது. டெல்லியில் உள்ள டெரி ஆய்வு நிறுவனத்தில் பன்வாரி லால் தலைமையிலான குழு, 'ஆயில்ஜாப்பர்' என்ற கலவையை உருவாக்கியது. எண்ணெயின் வெவ்வேறு பகுதிகளைத் தின்னும் ஐந்து வகை பாக்டீரியாக்களைச் சேர்த்து, மக்காச்சோளத் தக்கைத் தூளில் ஏற்றிப் பையில் அடைத்தது. 2007ல் ஓ.என்.ஜி.சி.யும் டெரியும் சேர்ந்து இதற்கென்றே ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. 2010 ஆகஸ்டில் மும்பைக்கு அருகே எம்.எஸ்.சி. சித்ரா கப்பல் மோதி எண்ணெய் கசிந்தபோது கரையில் இதைப் பயன்படுத்தினார்கள்.

இவர்கள் 2001ல் வெளியிட்ட ஒரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. காரணம், அதில் கணக்கு ஒழுங்காக இருக்கிறது. ஒரு சுத்திகரிப்பு ஆலையில் எண்ணெய்க் கசடு ஊறிய நிலத்தை மூன்று பாத்திகளாகப் பிரித்தார்கள். இரண்டில் பாக்டீரியாவும் சத்தும் இட்டார்கள். மூன்றாவதைச் சும்மா விட்டார்கள். ஒரு வருஷம் கழித்து முதல் இரண்டில் எண்ணெய் 92 சதவீதமும் 89.7 சதவீதமும் குறைந்திருந்தது. சும்மா விட்டதில் 14 சதவீதம் மட்டுமே.

அப்படியானால் பொடியை வாங்கலாமே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த நிலத்தில் எண்ணெய் தின்னும் பாக்டீரியா இயல்பாகவே மிகக் குறைவு, ஒரு கிராம் மண்ணில் ஆயிரம் முதல் பத்தாயிரம் வரைதான். அதை எண்ணிப் பார்த்து, ஆறு விதமான வைத்தியத்தை 120 நாள் சின்ன அளவில் செய்து பார்த்து, அதற்குப் பிறகுதான் பொடியை இறக்கினார்கள். பத்து வருஷமாக எண்ணெய் விழும் எங்கள் ஊர் மண்ணில் அதைத் தின்னப் பழகிய கூட்டம் ஏற்கெனவே இருக்கலாம். இருந்தால் உரமும் காற்றும் போதும், இல்லாவிட்டால் பொடி வேண்டும். எண்ணிப் பார்க்காமல் எப்படித் தெரியும்? அந்த மூன்றாவது பாத்தி இல்லாமல் "எங்கள் பொடியால்தான் குறைந்தது" என்று யார் சொன்னாலும், தணிக்கை ஆகாத பேலன்ஸ் ஷீட் மாதிரிதான் அது.

2017 ஜனவரி 28ல் எண்ணூரில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதி, கரையெல்லாம் கறுப்புக் கசடு. மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளிய படங்களைப் பார்த்து உலகமே திகைத்தது. அள்ளிய கசடை அதற்குப் பிறகு இந்தியன் ஆயிலின் ஆய்வுப் பிரிவு நுண்ணுயிர் முறையில் சுத்தம் செய்தது. கவனியுங்கள், முதலில் வாளி, பிறகுதான் பாக்டீரியா. ஆம்ப்ளரிலும் அதே வரிசைதான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒன்று நடந்தது. 2021 பிப்ரவரி 10 அதிகாலை திருவனந்தபுரம் டைட்டானியம் தொழிற்சாலையில் குழாய் உடைந்து, உலை எண்ணெய் ஓடை வழியாகக் கடலுக்குப் போனது. வேளியும் சங்குமுகமும் கறுத்தன. எண்ணெய் படிந்த மணலை வாரி அப்புறப்படுத்தினார்கள். வாரி எடுப்பது அவசியம்தான். ஆனால் அத்தோடு விட்டால் எண்ணெய் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போனதாகத்தான் அர்த்தம். கடன் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு மாறிய மாதிரி. அதை உண்மையில் தீர்ப்பதற்கு இந்தப் பூச்சிகள் ஒரு நல்ல வழி. ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஒருவர் நின்று பார்க்கவேண்டும்.

இதையெல்லாம் படித்தபின் எங்கள் கிணற்றுக்கு என்ன செய்வது என்று யோசித்தேன். லாரியிலிருந்து வடிக்கும் பழைய ஆயிலில் துத்தநாகம் போன்ற உலோகங்களும் இருக்கும். எந்தப் பாக்டீரியாவும் உலோகத்தைத் தின்று தீர்க்காது. 2016ம் வருஷத்து மத்திய அரசு விதிப்படி அந்த ஆயில் அபாயகரமான கழிவு, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரரிடம்தான் கொடுக்கவேண்டும். எங்கள் பக்கத்து மண் வேறு புளிப்பு மண், பாக்டீரியாவுக்குச் சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்து கொடுக்கவேண்டியிருக்கும். குவைத்தில் வெள்ளம் இல்லாத பிரச்சினை என்றால், ஊரில் இடவப்பாதியில் வெள்ளம் கூடிப்போகிற பிரச்சினை. கொட்டுகிற மழையில் உரமும் எண்ணெயும் சேர்ந்து அடுத்தவன் கிணற்றுக்குப் போகும். இதெல்லாம் தோட்டவேலை போல நாமே செய்கிற காரியமில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேட்டுச் செய்யவேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், சொட்டுவது நிற்கவேண்டும். அதற்குக் கூட்டாளியிடம் பேசவேண்டும். இந்த போனுக்குத்தான் நான் ஒரு வாரம் தயங்கினேன்.

புகார் கொடுத்தால் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிவிடுவார்கள். பூட்டினால் அவன் திரும்பவும் விமானம் ஏறவேண்டும். அவனுக்கும் என் வயசுதான். நான் பேசியபோது ரொம்ப நேரம் அமைதியாக இருந்தான். பிறகு சொன்னான்:

"என் கெணத்துலயும் ஒரு வருசமா மணம் வருதுலே. பிள்ளைகளுக்குக் கேன் வெள்ளம்தான் வாங்குதேன். வெளிய சொன்னா கடையைப் பூட்டிருவானுவன்னு நான் யாருகிட்டயும் சொல்லல்லே."

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு வருஷமாக அவன் தன் கிணற்றை மறைத்திருக்கிறான். நான் போன லீவில் கறுத்த மண்ணைப் பார்த்தும் பேசாமல் வந்ததற்கு, அந்த 18 சென்டின் விலை இறங்கிவிடுமே என்ற நினைப்பும் ஒரு காரணம் என்பதை அவனிடம் சொன்னேன். கணக்கில் இரண்டு பக்கமும் சரியாகத்தான் இருந்தது.

இப்போதைக்கு ஒர்க்‌ஷாப் தரையில் கான்கிரீட் போட்டாயிற்று. செலவில் பாதி என்னுடையது. (என் மனைவிக்கு இதில் வருத்தம் உண்டு. அவன் செய்ததற்கு நாம் ஏன் கட்டவேண்டும் என்று கேட்கிறாள். கேள்வி நியாயமானதுதான்.) கழிவு ஆயில் டிரம்மில் விழுகிறது. இரண்டு கிணற்றுத் தண்ணீரும், மூன்று இடத்து மண்ணும் பரிசோதனைக்குப் போயிருக்கின்றன. வாரியத்துக்கு மனு எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அந்தக் கிணற்றுத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. கொதிக்கவைத்தாலும் டீசல் போய்விடும் என்று நம்பமுடியாது. பொடிக்காரரிடம் சித்தப்பா, "எண்ணிக்கை வரட்டும், பெறவு பாப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

ஊரில் விளையை ஒர்க்‌ஷாப்புக்கோ, டீசல் ஜெனரேட்டர் வைக்கவோ வாடகைக்கு விட்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். வாடகை மாதாமாதம் கணக்கில் ஏறுவதை இங்கிருந்தே பார்த்துவிடலாம். கிணற்றை அப்படிப் பார்க்கமுடியாது. அடுத்த லீவில் போகும்போது ஒரு வாளி கோரி மோந்து பாருங்கள். பக்கத்து விளைக்காரனிடமும் அவன் கிணறு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.